சுமையற்ற கூடைகள்: உடலுழைப்பும் கரிக்கோல் ஓவியமும் பற்றிச் சில மறுப்புகள்

தேயிலைப் பொதிகளிலும் உல்லாசப் பயணச் சுவரொட்டிகளிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றோம். அவளுடைய கழுத்து நிமிர்ந்திருக்கும். முகத்தில் முறுவல் இருக்கும். முதுகிலே பிரம்புக் கூடை இருக்கும். அக்கூடையில் இல்லாத ஒன்றே ஒன்று பாரம். தேயிலை விற்பவனுக்குப் பாரம் தேவைப்படவில்லை. ஆதலால், அவன் கூலி கொடுத்து அமர்த்திய ஓவியனும் அதனை வரையவில்லை. இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. வியப்புக்குரியது வேறொன்று. உழைக்கும் மக்களின் பெயரால் நமது மண்டபங்களில் நடைபெறும் சித்திரக் கண்காட்சிகளிலும், நம்மவர் வெளியிடும் சஞ்சிகைகளின் அட்டைகளிலும் அதே பெண் அதே கூடையுடன் வந்து நிற்கின்றாள். முறுவல் மட்டும் நீக்கப்பட்டு, அதற்குப் பதிலாகச் சோகமோ சினமோ பூசப்பட்டிருக்கின்றது. கூடை இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது.

உடலுழைப்பைக் கரிக்கோலால் வரைதல் பற்றி நம்மிடையே நிலவும் இரண்டு கருத்துகளை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலாவது, அத்தகைய ஓவியம் கலையன்று, பிரசாரம் என்பது. இரண்டாவது, உழைப்பாளியின்பால் அனுதாபமும் சரியான அரசியற் பார்வையும் இருந்தாற் போதும், ஓவியம் தானாகவே அமைந்துவிடும் என்பது. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்கிக்கொள்வர். ஆயினும் ஓவியத்தைக் கண்கொண்டு பார்க்காமலே தீர்ப்புக் கூறுவதில் இருவரும் ஒன்றுபட்டவர்களே.

முதலில் விடயத்துக்கு வருவோம். கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையின் மேலாக வருகின்றது. எனவே கூடையின் பாரத்தைத் தாங்குவது தோளன்று, கழுத்தே. கூடை நிரம்ப நிரம்பப் பாரம் தலையைப் பின்னோக்கி இழுக்கும். அதற்கு ஈடுகொடுக்கக் கழுத்து விறைத்து, மார்பு முன்னே சாயவேண்டும். கைகள் இரண்டும் செடியின் மேற்பரப்பில் ஓயாது இயங்கவேண்டியிருப்பதால், கூடையைப் பிடித்துக்கொள்ளவும் அவை உதவமாட்டா. நிலமோ சமதரையன்று. ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக, முழங்காலொன்று எப்போதும் மடிந்தபடியே நிற்கவேண்டும். இடுப்பிலே கட்டிய படங்கு மழையில் நனைந்து தன் பங்குக்குப் பாரமாகும். பல தோட்டங்களில் நாளொன்றுக்குப் பதினாறு, பதினெட்டு, இருபது கிலோ என்று அளவு விதிக்கப்படுகின்றது. அந்த அளவு எட்டாவிட்டால் முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கென்றும் கூடைக்கென்றும் கழிக்கப்படுவது தனிக்கதை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதை நினைவிற் கொண்டால், அந்தக் கழுத்தின் வழியே இந்நாட்டின் ஏற்றுமதி எவ்வாறு இறங்கி வந்திருக்கிறது என்பது விளங்கும். இன்று பல இடங்களிற் பிரம்புக் கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது. விளம்பரக்காரன் கூடையை விடவில்லை. நமது முற்போக்கு ஓவியரும் விடவில்லை. இருவரும் ஒரே படத்தைப் பார்த்தே வரைகிறார்களோ என்ற ஐயம் எழுவது இயல்பே.

கழுத்து, முழங்கால், சாய்வு, நனைந்த படங்கு ஆகியனவே உழைப்பின் உண்மையான வடிவம். இது முகத்தில் இல்லை. முகத்தை வரைந்து அதன் கீழே ‘உழைப்பாளி’ என்று எழுதிவிடுவது எவர்க்கும் எளிது.

இனிக் கரிக்கோலைப் பற்றி ஒரு சொல். இது ஏழையின் கருவி, வறுமையின் நிறம் கறுப்பு, ஆதலால் உழைப்பாளியை வரையக் கரியே ஏற்றது என்று நம்மவர் சிலர் எழுதுகின்றனர். இஃது அணியலங்காரமேயன்றி வாதமன்று. இத்தாலியனான சென்னினோ சென்னினி 1400 ஆம் ஆண்டளவில் எழுதிய கைந்நூலிலே கரிக்கோல் செய்யும் முறையை விவரிக்கின்றான். வில்லோ மரக்குச்சிகளைச் சீவிக் கட்டுக்கட்டாக்கிப் புதுச்சட்டியில் அடைத்து, வாயைக் களிமண்ணால் மூடி, மாலையில் வேலை முடிந்த ரொட்டிச் சூளையில் விடியும்வரை வைக்கவேண்டும் என்பது அவனது குறிப்பு. அக்காலத்தில் அது தேவதைகளையும் புனிதர்களையும் வரைவதற்கான முதற்கோடு மட்டுமே. வேலை முடிந்ததும் இறகொன்றினாற் தட்டி அகற்றிவிடுவர். கரி தாளின் மேற்பரப்பிலே தங்குவதன்றி உள்ளே ஊறுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கரியைத் தாளில் நிலைநிறுத்தும் பசைக்கரைசல்களும் சொரசொரப்பான தாள்களும் பரவலாகக் கிடைத்த பின்னரே, கரி ஓவியம் தன்னளவில் முழுமையான படைப்பாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கரிக்கும் உழைப்புக்கும் உள்ள உறவு நிறத்தினால் வந்ததன்று. அது செயற்பாட்டினால் வந்தது. கரித்துண்டின் முனையால் நரம்பு போன்ற கோட்டையும், அதன் பக்கவாட்டால் ஓர் உடம்பின் முழுத்திணிவையும் ஒரே இழுப்பிற் போடலாம். அழுத்தினாற் கறுக்கும், கையைத் தளர்த்தினால் வெளிறும். வரைபவனுடைய தோளின் வலு தாளிலே அப்படியே பதிகின்றது. மற்றொன்றும் உண்டு. கரியை அழிக்கலாம், ஆனால் முற்றாக அழிக்கவியலாது. பிழையாகப் போட்ட கையின் சாயல் சரியான கையின் கீழே மங்கலாக நிற்கும். ஒரே அசைவை ஆயிரந்தடவை செய்யும் உடம்பை வரைவதற்கு இக்குறைபாடே பெரும் வசதியாகின்றது. மண்வெட்டி மேலெழுந்த இடமும் விழுந்த இடமும் ஒரே தாளில் நிற்கக்கூடும்.

வெளிப்பாட்டுத்தன்மை என்பதை இங்கே பலர் தவறாக விளங்கிக்கொண்டுள்ளனர். கோடுகளைக் கண்டபடி கிறுக்கி, கண்களைக் குழியாக்கி, விரல்களை வேர்கள்போல நீட்டிவிட்டால் அது வெளிப்பாட்டோவியம் ஆகிவிடும் என்பது இவர்கள் எண்ணம். அது ஓவியனின் மனக்கொந்தளிப்பை அறிவிக்குமேயன்றி, உழைப்பைப் பற்றி எமக்கு எதையும் அறிவியாது. உருவத்தை எங்கே மிகைப்படுத்துவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது வேலையே.

வின்சன்ற் வான்கோ இதனை நன்கறிந்திருந்தான். 1878 இன் இறுதியிற் பெல்ஜியத்தின் பொரினாஜ் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்குச் சமயப்பணியாளனாகச் சென்றவன் அவன். அங்கேதான், 1880 இல், ஓவியனாவதெனத் தீர்மானித்தான். 1885 இல் நியூனன் கிராமத்திற் கருஞ்சுண்ணக்கோலால் அவன் வரைந்த விவசாயிகளுட் பலர் எமக்கு முதுகு காட்டியே நிற்கின்றனர். குனிந்த பெண்ணொருத்தியின் பின்புறமே தாள் முழுவதையும் அடைத்து நிற்கும். முகத்துக்கு அங்கே இடமில்லை. அக்காலத்தில் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில், கலைக்கழகப் பயிற்சியின்படி பிழையற வரையப்பட்ட மண்வெட்டுவோன் மண்ணை வெட்டுவதில்லை என்ற கருத்தை அவன் வாதித்திருக்கின்றான். உடற்கூற்றியல் சரியாக இருக்கும், விகிதம் சரியாக இருக்கும், வேலை மட்டும் நடவாது. நமது சித்திர வகுப்புகளில் அசையாது நிற்கும் மாதிரியைப் பார்த்து மாணவர் வரையும் ‘உழவன்’ எதனால் உழுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. மில்லேயும் இவ்வழியில் முன்னோடியே. ‘கதிர் பொறுக்குவோர்’ (1857) ஓவியத்தின் மூன்று பெண்களும் மூன்று வெவ்வேறு நிலையிற் குனிந்திருப்பதை நோக்குக. ஒரு முதுகு மெல்ல நிமிரப் பார்க்கின்றது. மற்றைய இரண்டும் தரையை விட்டு எழவில்லை. அறுவடையின் செல்வமெல்லாம் தொலைவிலே குவியலாக நிற்கின்றது. எவரும் கையை முறுக்கி உயர்த்தவில்லை.

பிரசாரம் என்று முகஞ்சுளிப்போர்க்கு முன்னே வைக்கவேண்டிய பெயர் கேத்தே கொல்விற்ஸ் (1867–1945). கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்து, பேர்லினின் தொழிலாளர் குடியிருப்பொன்றில் மருத்துவரான கணவருடன் அரை நூற்றாண்டு வாழ்ந்தவர். 1844 இல் நிகழ்ந்த சிலேசிய நெசவாளர் எழுச்சியைப் பற்றிய ஹவுப்ற்மனின் நாடகத்தை 1893 இற் கண்டபின், நெசவாளர் தொடரைத் தொடங்கி 1897 இல் முடித்தார். அதற்குப் பதக்கம் வழங்கவேண்டுமென்று நடுவர்கள் 1898 இற் பரிந்துரைத்தபோது, பேரரசன் இரண்டாம் வில்லியம் மறுத்துவிட்டான். பிரசாரம் என்ற குற்றச்சாட்டு அரண்மனையிலிருந்து கிளம்பியதே என்பதை நமது தூய அழகியலாளர் ஒருகணம் சிந்தித்தல் நன்று.

பின்னர் வந்த ‘உழவர் போர்’ தொடரில் ஏர் இழுப்போர் பற்றிய அச்சோவியம் ஒன்றுண்டு. மாடுகளுக்குப் பதிலாக மனிதர் இருவர் ஏரிற் பூட்டப்பட்டுள்ளனர். அவர்களுடைய உடல்கள் நிலத்துக்குச் சமாந்தரம் என்று சொல்லுமளவுக்குச் சாய்ந்துவிட்டன. இயல்பில் எவரும் அவ்வளவு சாய்ந்தால் முகங்குப்புற விழுவார். இவர்கள் விழவில்லை, ஏனெனில் பின்னாலிருந்து வார் இழுத்துப் பிடிக்கின்றது. அந்தச் சாய்வின் கோணமே ஏரின் பாரத்தை எமக்கு அளந்து காட்டுகின்றது. ஏரை வரையாமல் விட்டாலுங்கூட அதன் எடையை நாம் உணர்வோம். மிகைப்படுத்தல் என்பது இதுதான்; மனிதரின் துயரத்தையன்று, இழுவிசையை மிகைப்படுத்தியிருக்கின்றார்.

1909 இல் ‘சிம்பிளிசிசிமுஸ்’ என்ற கேலிச் சஞ்சிகைக்காக அவர் வரைந்த கரி ஓவியங்கள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. அவற்றுள் ஒன்று வீட்டிலிருந்து கூலிவேலை செய்யும் பெண்ணைப் பற்றியது. அவள் வேலை செய்யவில்லை. மேசையிலே சரிந்து தூங்கிவிட்டாள். உழைப்பை வரையவேண்டிய ஓவியத்தில் உழைப்பே இல்லை. ஆனால் அந்தத் தலை மேசையில் விழுந்து கிடக்கும் விதம் பதினாறு மணிநேரத்தையும் சொல்லிவிடுகின்றது. தூங்கச் சென்றவள் அவ்வாறு கிடக்கமாட்டாள். தூக்கம் வந்து வீழ்த்தியவளே அவ்வாறு கிடப்பாள். கரிக்கோலின் பக்கவாட்டால் இழுத்த அகன்ற இருள் அவள் மீது கவிந்திருக்கின்றது. இதனைப் பிரசாரம் என்று ஒதுக்குவோர், இதைவிடச் செம்மையாக வரையப்பட்ட தலை ஒன்றைக் காட்டட்டும்.

இவ்விடத்தில் நண்பர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். தொழிலாளரைத் தான் வரையத் தொடங்கியது அவர்கள் அழகாகத் தோன்றியமையாலேயே என்றும், இரக்கமும் அவர்களது வாழ்வின் அவலம் பற்றிய அறிவும் பின்னரே வந்தன என்றும் கொல்விற்ஸ் தாமே எழுதியிருக்கின்றார். கோனிக்ஸ்பேர்க் துறைமுகத்தின் சுமை தூக்குவோரின் அசைவுகளில் அவர் கண்டது அழகையே. நடுத்தர வர்க்கத்தார் அவருக்குச் சுவையற்றவராகத் தோன்றினர். இது அழகியலாளரின் கட்சிக்கன்றோ சாட்சி என்று கேட்கலாம். ஆம், சாட்சிதான், ஆனால் அவர்கள் விரும்புகின்றவாறு அன்று. தூய அழகை நாடுவோர் உழைப்பில் அழகே இல்லை என்றல்லவா சொல்லி வந்தனர்? அனுதாபமே முதல் என்போருக்கும் இது இடியாகும். கொல்விற்ஸ் முதலிற் பார்த்தார். பலகாலம் பார்த்தபின் அறிந்தார். நம்மவர் பார்க்காமலே அனுதாபப்படுகின்றனர். அதனாலேதான் அவர்களது அனுதாபம் ஒரு கூடையைக்கூட நிரப்புவதில்லை.

நமது முற்போக்கு ஓவியரின் புடைத்த தசைக்கு மூலம் வேறிடத்தில் இருக்கின்றது. சென்னை மெரீனாக் கடற்கரையில் 1959 இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் ‘உழைப்பின் வெற்றி’ சிற்பத்தை அறியாத தமிழர் சிலரே. நால்வர் பாறையொன்றைப் பெயர்க்கின்றனர். அச்சிற்பத்தில் பாறைக்கு எடை உண்டு. அதனைக் குறைகூற நான் முன்வரேன். ஆனால் அதனைப் பின்பற்றியோர் தசையை எடுத்துக்கொண்டு பாறையை விட்டுவிட்டனர். எதனையும் தூக்காத கை, எதனையும் தள்ளாத மார்பு, பின்னணியில் ஒரு சூரியன். இப்படம் எவர்க்கும் பயன்படும் என்பதை அவர்கள் உணரவேண்டும். 1935 ஆகஸ்டில் ஸ்ரகானொவ் என்ற சோவியத் சுரங்கத் தொழிலாளி ஒரே வேலைநேரத்தில் 102 தொன் நிலக்கரி வெட்டியதாக அறிவிக்கப்பட்டது. விதிக்கப்பட்ட அளவைப்போல் அது பதினான்கு மடங்கு. அவனுடைய சிரித்த முகம் சுவரெங்கும் ஏறியது. அடுத்த ஆண்டில் மற்றைய தொழிலாளருக்கு விதிக்கப்பட்ட அளவுகளும் ஏறின. களைப்பறியா வீரனாக உழைப்பாளியை வரைவது, பதினெட்டுக் கிலோவை இருபதாக்க விரும்பும் நிர்வாகத்துக்கு உவப்பான சித்திரம் என்பது மலையகத்தில் எவருக்கும் விளக்கவேண்டிய செய்தியன்று.

புகைப்படம் இருக்கையிற் கரி எதற்கு என்பதும் அடிக்கடி கேட்கும் கேள்வி. நல்ல புகைப்படங்கள் நம்மிடம் உண்டு. அவற்றின் பெறுமதியை மறுப்பதற்கில்லை. சாட்சியம் என்ற வகையிற் புகைப்படத்துக்கு நிகர் ஓவியமாகாது. ஆயினும் புகைப்படக் கருவி நொடியின் சிறு கூறொன்றைப் பிடிக்கின்றது. கரி ஓவியம் வரைந்த நேரம் முழுவதையும் தன்னுள்ளே தேக்கிக்கொள்கின்றது. தென்னாபிரிக்க ஓவியரான வில்லியம் கென்றிட்ஜ் 1991 இல் ஆக்கிய ‘சுரங்கம்’ என்ற அசைபடம் இதற்குத் தக்க சான்று. கரியால் வரைந்து, படமெடுத்து, அழித்து, அதே தாளில் மீண்டும் வரைந்து எடுக்கப்பட்டது அப்படம். அழித்தவையெல்லாம் சாம்பல் நிறத் தடங்களாகத் தாளிலே கிடக்கின்றன. சுரங்க முதலாளி படுக்கையில் அமர்ந்து காப்பிக் கலத்தின் அழுத்தியைக் கீழே தள்ளுகின்றான். அது கலத்தின் அடியோடு நிற்கவில்லை. கட்டிலை ஊடுருவிச் சுரங்கத்தின் அடுக்குகளுக்குள், தொழிலாளர் படுத்துறங்கும் அறைகளைத் துளைத்துக்கொண்டு இறங்குகின்றது. காலைக் கோப்பைக்கும் சுரங்கத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரே கோட்டில் இழுத்துவிட்டார். தேயிலை நாட்டவராகிய நாம் இப்படத்தைப் பார்த்துச் சற்று வெட்கப்பட இடமுண்டு. அந்தக் கோட்டை இழுக்க எம்மைவிட உரிமையுடையோர் வேறெவர்?

மலையகத்தின் வாழ்வைச் சொல்லில் வடித்தவர்கள் உளர். சி.வி. வேலுப்பிள்ளை முதல் தெளிவத்தை ஜோசப் வரை அவ்வெழுத்து வளர்ந்து, விமரிசகரின் கவனத்தையும் பெற்றுள்ளது. பெரட்டுக்களமும் லயமும் கணக்கப்பிள்ளையும் நிறுவைத் தராசும் நமது சிறுகதையிலே நிலையான இடம் பெற்றுவிட்டன. சித்திரத்தில் அவை நுழையவேயில்லை. 1948 இற் குடியுரிமையை இழந்த மக்களின் உருவம், அதே காலத்தில் இந்நாட்டின் அடையாளச் சின்னமாக உலகமெங்கும் அனுப்பப்பட்டது. ஆள் வேண்டாம், படம் வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டை எதிர்த்துச் சட்டத்துறையினர் வாதாடினர், தொழிற்சங்கத்தினர் போராடினர், எழுத்தாளர் எழுதினர். படத்தையே தம் களமாகக் கொண்ட ஓவியர்தான் படத்தை எதிர்க்கவில்லை.

யார் வரைவது, யாருக்காக வரைவது என்ற வினாவும் தட்டிக் கழிக்கத்தக்கதன்று. கரி ஓவியம் ஒரேயொரு பிரதி. கண்ணாடிச் சட்டத்துள் புகுந்து பணம் படைத்தோர் வரவேற்பறைக்குப் போய்விடும் பொருள். கொல்விற்ஸ் அச்சோவியத்தையும் சஞ்சிகையையும் நாடியதற்கு இதுவே காரணமாதல் வேண்டும். தோட்டத்து லயங்களிலிருந்து வந்த மாணவர் இன்று நமது பல்கலைக்கழகங்களிற் பயில்கின்றனர். தாயின் கழுத்து எவ்வாறு விறைக்கும் என்பதை எந்த விரிவுரையாளரைக் காட்டிலும் அவர்கள் அறிவர். அவர்களிடம் கரித்துண்டைக் கொடாமல், நகரத்து ஓவியனைப் பேருந்தில் ஏற்றி ஒருநாட் பயணமாக ஹற்றனுக்கு அனுப்புவதைத்தான் நாம் ‘மக்கள் கலை’ என்று அழைத்து வருகின்றோம். அவனும் மூடுபனியை வரைந்துகொண்டு மாலைப் புகையிரதத்தில் திரும்பிவிடுகின்றான்.

ஆகவே நமது சங்கத்தின் சித்திரப் போட்டிக்கு ‘உழைப்பின் மேன்மை’ என்று தலைப்புக் கொடுப்பதை இனியேனும் நிறுத்துவோமாக. வேலையின் பெயரைக் கொடுப்போம்: முள்ளுக் குத்துதல், கான் வெட்டுதல், கவ்வாத்து, கொழுந்து நிறுத்தல். முகம் வரையக்கூடாதென்று ஒரு நிபந்தனையும் விதித்துப் பார்க்கலாம். தாளொன்றில் ஒரே ஆளை, அவர் வேலை செய்துகொண்டிருக்கையிலேயே, ஒரு மணிநேரம் மேலும் மேலும் வரையவேண்டும். அழித்த கோடுகளை மறைத்தலாகாது. தெரிவானவற்றைச் சட்டமிட்டு மாட்டாமல் அச்சிட்டுத் தோட்டப் பாடசாலைகளுக்கு அனுப்பவேண்டும். இம்மலரின் அடுத்த இதழுக்கு அட்டைப்படம் தேடும் ஆசிரியர் குழு, வந்து சேரும் கூடைகளில் எடை உண்டா என்று முதலிற் பார்க்கட்டும்.